இந்த வெப்சைட் ஏன் திறக்கவில்லை?

2025 ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் கோபமாக வந்தார்கள். எருமப்பட்டியிலும் சுற்று வட்டாரத்திலும் கம்ப்யூட்டர் பொருத்தித் தருவதும், கெட்டுப் போனால் சரி செய்து தருவதும் என் வேலை. இருவருமே அந்த வருடம்தான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள்.

முதலில் வந்தவர் லாரி டிரைவர். "ஏங்க சார், நல்லா போயிட்டிருந்த ரம்மி சைட்டுல பணம் கட்டி ஆடவே முடியலீங்க. என்னோட காசு, நான் ஆடறேன். இதுல கவர்மென்ட்டுக்கு என்னங்க வந்துச்சு? உள்ளே 4,300 ரூபாய் கெடக்குது. அது வருமா வராதா?"

மூன்றாம் நாள் வந்தவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். "தடை பண்ணிட்டோம்னு டிவியில சொல்றாங்க. என் பையன் கம்ப்யூட்டரைத் திறந்தா வலது பக்கம் மூலையில நிமிஷத்துக்கு ஒரு சூதாட்ட விளம்பரம் வந்து நிக்குது. இதுதானுங்களா தடை?"

ஒருவருக்கு ஏன் மூடினார்கள் என்று கோபம். இன்னொருவருக்கு ஏன் மூடவில்லை என்று கோபம். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். தடை என்கிற பூட்டு எந்தெந்த இடத்தில் தொங்குகிறது என்று தெரிந்து கொண்டால் போதும். இந்த மாதம் அதைப் பார்ப்போம். ஏற்கெனவே தெரிந்தவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். அங்கே செய்முறை இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை

நம் பக்கத்து ஆட்களுக்குத் தடை புதிதல்ல. பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்டு மைக் வைத்து விற்ற லாட்டரிச் சீட்டை 2003 ஜனவரியில் தமிழக அரசு தடை செய்தது. கடைகள் மூடின. ஆனால் மூன்று நம்பர் லாட்டரி கைபேசிக்குள் போய்விட்டது. இன்றைக்கும் "கேரளா லாட்டரி ஆன்லைனில்" என்று விளம்பரம் வருகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கேரள அரசு தன் லாட்டரியைக் காகிதச் சீட்டாகத்தான் விற்கிறது, ஆன்லைனில் விற்பதில்லை. ஆகவே அப்படி விற்கும் வெப்சைட் எதுவானாலும் அது போலி.

சீட்டாட்டக் கதை இன்னும் சிக்கலானது. ரம்மி பெரும்பாலும் திறமையை நம்பிய ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. கிளப்பில் உட்கார்ந்து ஆடிய காலத்துத் தீர்ப்பு அது. ஆன்லைன் கம்பெனிகள் அதையே பிடித்துக் கொண்டன. பணத்தை இழந்தவர்கள் தற்கொலை செய்து கொண்ட செய்திகள் தொடர்ந்து வந்ததால், தமிழக அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. 2021-ல் அது சட்டமானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு 2022-ல் அறிக்கை கொடுக்க, மறுபடியும் அவசரச் சட்டம். அக்டோபரில் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னரின் கையெழுத்து வருவதற்குள் நவம்பர் 27-ம் தேதி அவசரச் சட்டம் காலாவதியானது. மார்ச் 2023-ல் மசோதா திரும்பி வந்தது. அதே மாதம் 23-ம் தேதி சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சட்டமே இல்லாமல் நாட்கள் ஓடின. அப்போது ஊரில் எல்லோருக்கும் இருந்த எரிச்சல் எனக்கும் இருந்தது.

அந்தச் சட்டமும் முழுதாக நிற்கவில்லை. 2023 நவம்பர் 9-ம் தேதி உயர் நீதிமன்றம், அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்களுக்கு மட்டும் தடை செல்லும், ரம்மியையும் போக்கரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. ஆகவே அரசு வேறு வழியில் வந்தது. 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் போட்டார்கள். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆட முடியாது, 18 வயதுக்குக் கீழே கூடாது, ஆதார் வைத்து ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்றெல்லாம். 2025 ஜூன் 3-ம் தேதி உயர் நீதிமன்றம் இந்த விதிகள் செல்லும் என்று சொன்னது.

மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மத்திய அரசு திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஆகஸ்ட் 20 லோக்சபா, 21 ராஜ்யசபா, 22 ஜனாதிபதி ஒப்புதல். மூன்றே நாள். ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இந்த ஆட்டங்களில் இழப்பதாக அரசுத் தரப்பில் ஒரு மதிப்பீடு சொன்னார்கள். ட்ரீம்11, எம்பிஎல், ஜூப்பி போன்ற கம்பெனிகள் அடுத்த ஓரிரு நாளில் பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகள் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. நம் டிரைவரின் 4,300 ரூபாய் மாட்டிக் கொண்டது அந்த ஆகஸ்ட் வாரத்தில்தான்.

முதல் பூட்டு கம்பெனியில்

டிரைவர் ஆடிய வெப்சைட் திறந்தது. லாகின் ஆனது. பணம் கட்டும் பட்டன் மட்டும் இல்லை. இதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது இன்டர்நெட்டில் போட்ட பூட்டு இல்லை. கம்பெனியே தன் சர்வரில் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. இந்தியாவில் ஆபீஸ் வைத்து, வரி கட்டி, வங்கிக் கணக்கோடு இருக்கும் கம்பெனியை நிறுத்த அரசுக்கு ஒரு உத்தரவு போதும்.

இப்படி நின்றுபோன கம்பெனியில் உங்கள் பணம் இருந்தால் பதற வேண்டாம். பழைய யூசர் நேம், பாஸ்வேர்டில் லாகின் செய்யுங்கள். வாலட் என்ற பகுதியில் வித்டிரா என்ற பட்டன் இருக்கும். அதை கிளிக் செய்து, ஏற்கெனவே சரிபார்த்த அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். நிகர லாபத்தில் 30 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்தது. கட்டிய தொகையைவிட எடுத்த தொகை குறைவாக இருந்தால் லாபமே இல்லையே, பிடிக்கவும் எதுவும் இல்லை. டிரைவருக்கு அப்படித்தான் இருந்தது. அவர் கட்டிய மொத்தக் கணக்கை அந்த வெப்சைட்டிலேயே எடுத்துக் காட்டினேன். தொகையைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவே இல்லை. அதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்.

பணம் ஐந்தாம் நாள் வந்தது. நடுவில் டெலிகிராமில் ஒரு மெசேஜும் வந்திருந்தது. "தடையால் முடங்கிய ரம்மி பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள், 500 ரூபாய் பிராசஸிங் கட்டணம்" என்று. ஏபிகே என்ற பெயரில் முடியும் ஃபைல். நல்ல வேளை, தொடாமல் என்னிடம் காட்டினார். இந்த மாதிரி ஃபைல்கள் போனில் உட்கார்ந்து கொண்டு உங்கள் ஓடிபி எஸ்எம்எஸ்களைப் படிக்கக்கூடியவை. கம்பெனி உங்கள் பணத்தைத் தருவதற்கு உங்களிடம் பணம் கேட்காது.

இரண்டாவது பூட்டு இன்டர்நெட் லைனில்

வெளிநாட்டில் சர்வர் வைத்திருக்கும் சூதாட்ட வெப்சைட்டுக்கு உத்தரவு அனுப்பினால் யார் மதிக்கப் போகிறார்கள்? எனவே நமக்கு இன்டர்நெட் தரும் கம்பெனிகளிடம், இந்த வெப்சைட்டைத் திறக்க விடாதே என்று மத்திய அரசு சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இதற்கான அதிகாரம். 2023 பிப்ரவரியில் 138 பந்தய ஆப்களும், நவம்பரில் மகாதேவ் உட்பட 22-ம் இப்படி முடக்கப்பட்டன. 2022-லிருந்து 2025 ஜூன் வரை இந்த வகையில் 1,524 உத்தரவுகள் போட்டதாக அரசு பார்லிமெண்டில் தெரிவித்தது.

முடக்குவது எப்படி நடக்கிறது? இரண்டு விதம்.

எருமப்பட்டியில் பஸ் இறங்கி ஒரு வெங்காய வியாபாரியின் வீட்டைத் தேடுகிறீர்கள். கடைவீதியில் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாராவது வழி காட்டுவார்கள். இன்டர்நெட்டில் வழி காட்டும் அந்த ஆள்தான் டிஎன்எஸ் சர்வர். நீங்கள் டைப் செய்யும் வெப்சைட் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது அதன் வேலை. "அப்படி ஒருத்தர் இந்த ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிடு" என்று வழி காட்டுபவருக்குச் சொல்லி வைத்தால்? வீடு அங்கேயேதான் இருக்கும். உங்களுக்கு வழி கிடைக்காது. இது முதல் விதம்.

வேறு ஊர் டிஎன்எஸ் சர்வரைக் கேட்டு சிலர் வழி தெரிந்து கொள்வார்கள். அதற்குத்தான் இரண்டாவது விதம். நாமக்கல்லில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் இறங்கும் ஊரைச் சொல்லித்தானே டிக்கெட் வாங்க வேண்டும்? பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான வெப்சைட் என்றாலும், தொடர்பு ஆரம்பிக்கும்போது பிரவுசர் எந்த வெப்சைட் வேண்டும் என்று பெயரை வெளிப்படையாகச் சொல்கிறது. உள்ளே என்ன பேசுகிறீர்கள் என்பது மறைவு, போகும் இடம் மறைவில்லை. லைனில் உள்ள கருவி அந்தப் பெயரைக் கேட்டவுடன் தொடர்பைத் துண்டித்துவிடும்.

இதில் உங்களுக்கு என்ன தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பழைய எச்டிடிபி வெப்சைட்டாக இருந்தால் "அரசு உத்தரவுப்படி முடக்கப்பட்டுள்ளது" என்று ஒரு பக்கம் வரும். இப்போதைய எச்டிடிபிஎஸ் வெப்சைட்டுகளில் நடுவில் புகுந்து அப்படி ஒரு பக்கத்தைக் காட்ட முடியாது. பிரவுசர் அதைப் போலி என்று சொல்லித் தடுத்துவிடும். ஆகவே "திஸ் சைட் கான்ட் பி ரீச்ட்" என்றோ "கனெக்ஷன் ரீசெட்" என்றோ மொட்டையாக ஒரு செய்திதான் வரும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதாக நினைப்பீர்கள்.

நீங்கள் மட்டுமல்ல, நானும் நினைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் "நெட் வேலை செய்யவில்லை" என்று கூப்பிட்டார்கள். போய் ரவுட்டரை ரீசெட் செய்தேன். பிரவுசரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். லேன் கேபிளை மாற்றினேன். மத்தியானச் சாப்பாடும் போயிற்று. கடைசியில் எந்த வெப்சைட் திறக்கவில்லை என்று கேட்டால் பெரியவர் தலையைக் குனிந்து கொண்டு ஒரு பந்தய வெப்சைட் பெயரைச் சொன்னார். மற்ற எல்லா வெப்சைட்டும் அருமையாகத் திறந்தன. முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரம்மா முன்னால் அவர் சொல்லியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ கிடைக்கும். அதில் என், எஸ், எல், ஓ, ஓ, கே, யு, பி என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து, பிறகு ஒரு ஸ்பேஸ் விட்டு, வெப்சைட் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். அந்த வெப்சைட்டின் ஐபி எண் வரும். எண்ணே வராவிட்டாலோ, 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று வந்தாலோ, வழி காட்டுபவர் கையை விரித்துவிட்டார் என்று அர்த்தம். சரியான எண் வந்தும் பிரவுசரில் மட்டும் உடனே துண்டிக்கப்பட்டால், அநேகமாகக் கண்டக்டர் இறக்கிவிட்டிருக்கிறார். வெப்சைட்டே செத்துப் போயிருந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும் என்பதால் இதை முடிவான சாட்சியாக எடுத்துக் கொள்ளாதீர்கள்.

முடக்கப்பட்ட வெப்சைட்டுகளின் பட்டியலை எங்கே பார்க்கலாம் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கும் பார்க்க முடியாது. 69ஏ பிரிவுக்கான 2009-ம் ஆண்டு விதிகளில் 16-வது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. எனக்குப் பிடிக்காத விதி இது. சூதாட்ட வெப்சைட்டை முடக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் முடக்கியது அரசுதான், இந்தக் காரணத்துக்காக என்று பொதுமக்களுக்குத் தெரிந்தால் என்ன நஷ்டம்? பட்டியல் இருந்தால் ஒரு தகப்பன் மகனின் கம்ப்யூட்டரில் உள்ள வெப்சைட் எந்த ரகம் என்று ஒரு நிமிடத்தில் பார்த்துக் கொள்ளலாம்.

பூட்டியது மறுநாள் எப்படித் திறக்கிறது?

உத்தரவு போடுவது ஒரு பெயரின் மீது. புதுப் பெயர் பதிவு செய்யச் சில நூறு ரூபாய் போதும். பழைய பெயருக்குப் பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்தோ, டாட் காம் என்பதை வேறொன்றாக மாற்றியோ அதே வெப்சைட்டைத் திறந்துவிடுவார்கள். இவற்றை மிர்ரர் சைட் என்பார்கள். டெலிகிராம் சேனலில் புதுப் பெயர் உடனே வந்துவிடும். உத்தரவு போகும் வேகத்தைவிட இது வேகம். வெளிநாட்டு வெப்சைட்டுகள் 357-ஐ முடக்கியதாக ஜிஎஸ்டி புலனாய்வுப் பிரிவு 2025 மார்ச்சில் சொன்னபோது, இன்னும் சுமார் 700 வெளிநாட்டு நிறுவனங்கள் கண்காணிப்பில் இருப்பதாகவும் சேர்த்துத்தான் சொன்னது.

பண்ணைக்காரரின் கோபத்துக்கு இது பாதி பதில். உள்ளூர்க் கம்பெனி நின்றுவிட்டது. அங்கே ஆடியவர்களைப் பிடிக்க வெளிநாட்டு வெப்சைட்டுகள் வலை வீசுகின்றன. உள்ளூர்க் கம்பெனியில் ஆதார் கேட்டார்கள், ராத்திரி 12 மணிக்கு மூடினார்கள், பணம் வராவிட்டால் புகார் செய்ய ஓர் இடம் இருந்தது. இவற்றில் அது எதுவும் கிடையாது. தடையைக் குறை சொல்பவர்கள் எடுத்துக் காட்டுவது இதைத்தான், அதில் நியாயம் இருக்கிறது.

நான் எங்கே இருக்கிறேன் என்று எப்படித் தெரியும்?

நள்ளிரவுக் கட்டுப்பாடு தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தபோது பலர் கேட்ட கேள்வி இது. ஒரு வெப்சைட் உங்கள் இடத்தை மூன்று விதமாகக் கண்டுபிடிக்கும். உங்கள் ஐபி எண்ணை வைத்து. பிரவுசரில் லொக்கேஷன் கேட்கும்போது நீங்கள் அலோ கொடுத்தால் அதை வைத்து. ஆதார் முகவரியை வைத்து. இதில் ஐபி எண் சுத்தமாக நம்பத் தக்கதல்ல. கொல்லிமலை அடிவாரத்தில் உட்கார்ந்து கொண்டு நான் என் ஐபி இருப்பிடத்தைப் பார்த்தால் ஒரு நாள் சென்னை என்கிறது, ஒரு நாள் கோயம்புத்தூர் என்கிறது. இன்டர்நெட் கம்பெனியின் கேட்வே எங்கே இருக்கிறதோ அந்த ஊர்ப் பெயர்தான் வரும்.

அப்படியானால் விபிஎன் போட்டு வேறு மாநிலம், வேறு நாடு என்று காட்டலாமே என்று ஒரு தம்பி கேட்டான். காட்டலாம். ஆபீஸ் வேலைக்கு விபிஎன் நல்ல விஷயம். ஆனால் இலவச விபிஎன் ஆப்புக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் டேட்டா முழுதும் அவர் சர்வர் வழியாகப் போகும். எந்த வெப்சைட்டுக்கு எப்போது போகிறீர்கள் என்ற குறிப்பு இன்டர்நெட் கம்பெனியிடம் இருந்து அவர் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு உத்தரவு போட்டவுடன், பெயர் பெற்ற சில விபிஎன் கம்பெனிகள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துக் கொண்டு போய்விட்டன. அந்தத் தம்பிக்கு நான் இன்ஸ்டால் செய்து தரவில்லை. என்னைப் பற்றி ஊரில் என்ன சொன்னான் என்பது இங்கே வேண்டாம்.

மூன்றாவது பூட்டு வங்கியில். இதுதான் வலிக்கும்

வெளிநாட்டு வெப்சைட் இந்தியாவில் நேரடியாக வங்கிக் கணக்கு திறக்க முடியாது. ஆகவே யார் யாரோ தனி மனிதர்களின் கணக்குகளை வாடகைக்குப் பிடித்து, அவற்றின் யுபிஐ க்யூஆர் கோடைக் காட்டுவார்கள். அடையாளம் எளிது. காலையில் ஒரு "டிரேடர்ஸ்" பெயர், மாலையில் ஏதோ ஓர் ஊரில் உள்ள ஒருவர் பெயர் என்று மாறிக் கொண்டே இருக்கும். இப்படி ஒரு பெயர் வந்தால் உடனே பின் நம்பரை அடிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

பணம் கட்டித் தோற்பது ஒரு நஷ்டம். ஜெயித்தால் வருவது இன்னொரு வம்பு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ஒரு வெப்சைட்டிலிருந்து 3,000 ரூபாய் வந்தது. சந்தோஷமாக டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அவர் கணக்கே முடங்கிவிட்டது. அந்த 3,000 ரூபாய் வந்த கணக்கில், வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணமும் சேர்ந்திருந்தது. அங்கே உள்ள போலீஸ் பணம் போன வழியெல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறது. கோழித் தீவனத்துக்குக் கொடுக்க வைத்திருந்த ஒன்றரை லட்சமும் அதே கணக்கில். வங்கிக்குப் போனால் போலீஸைக் கேளுங்கள் என்கிறார்கள். போலீஸ் இருப்பதோ ரயிலில் இரண்டு நாள் தூரத்தில். தீவனக்காரர் காத்திருப்பாரா, கோழி காத்திருக்குமா? வட்டிக்கு வாங்கினார்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. "புதுச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லையாம்." 2025 மத்தியச் சட்டம் ஆட்டம் நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம் வரையும் விதிக்கிறது. ஆடுபவரை விட்டுவிட்டது உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில், அதிர்ஷ்ட ஆட்டங்களை ஆன்லைனில் பணம் வைத்து ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. சக்கரம் சுற்றுவது, நம்பர் பிடிப்பது எல்லாம் அதிர்ஷ்ட ஆட்டம்தான்.

ஏமாந்துவிட்டால் தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசு வெப்சைட்டிலும் புகார் பதியலாம். பணம் கைமாறிக் கொண்டே போகும் என்பதால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. எண்ணை மறக்காமல் இருக்க ஒரு குறிப்பு. தமிழ்நாட்டின் பழைய சூதாட்டத் தடைச் சட்டம் வந்ததும் 1930-ம் ஆண்டுதான்.

உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் போடும் பூட்டு

பண்ணைக்காரர் வீட்டு விளம்பரத்துக்கு வருவோம். போய்ப் பார்த்தேன். வைரஸ் இல்லை. பையன் சினிமா டவுன்லோடு செய்யப் போன ஒரு வெப்சைட், "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்தவும்" என்று கேட்டிருக்கிறது. அலோ அழுத்தினால் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்ததாக ஆகும். பிறகு அந்த வெப்சைட்டைத் திறக்காவிட்டாலும் விளம்பரம் மூலையில் வந்து நிற்கும். அரசு எத்தனை பெயரை முடக்கினாலும் இது நாமே கொடுத்த அனுமதி.

நீக்குவது சுலபம். கூகுள் குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகளை கிளிக் செய்து செட்டிங்ஸ் போங்கள். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற வெப்சைட்டுகள் வரிசையாக இருக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ள மூன்று புள்ளிகளை கிளிக் செய்து பிளாக் கொடுங்கள். பையன் கம்ப்யூட்டரில் பதினேழு இருந்தன.

அடுத்தது யுபிஐ. உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மாதா மாதம் தானாகப் பணம் எடுக்க எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம்.

மூன்றாவது, ஹோஸ்ட்ஸ் ஃபைல். டிஎன்எஸ் சர்வரைக் கேட்பதற்கு முன்னால் விண்டோஸ் தன்னிடம் உள்ள இந்தச் சிறிய ஃபைலைத்தான் பார்க்கும். இதில் ஒரு வெப்சைட்டுக்குத் தவறான எண்ணை எழுதி வைத்தால் அது உங்கள் கம்ப்யூட்டரில் திறக்காது. அரசு செய்வதையே வீட்டில் நாம் செய்கிறோம்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். வரும் ஐகானின் மேல் வலது கிளிக் செய்து ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தேர்வு செய்யுங்கள். இது முக்கியம், இல்லாவிட்டால் சேவ் ஆகாது. ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்து, சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போங்கள். ஒன்றும் தெரியாது. கீழே டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ் என்று இருப்பதை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் ஹோஸ்ட்ஸ் தெரியும். திறந்து, கடைசி வரிக்குக் கீழே 0.0.0.0 என்று அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, வெப்சைட் பெயரை எழுதுங்கள். அடுத்த வரியில் அதே எண்ணோடு முன்னால் மூன்று டபிள்யூவும் டாட்டும் சேர்த்த பெயரையும் எழுதுங்கள். சேவ் செய்து பிரவுசரை மூடித் திறங்கள்.

மிர்ரர் சைட் வந்தால் இதுவும் ஏமாறும். பெயரைப் பார்க்காமல் வகையைப் பார்த்துத் தடுக்க வேண்டுமானால் ஓபன்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையில் கணக்கு துவக்கி, கேம்ப்ளிங் என்ற வகையைத் தேர்வு செய்யலாம். வீட்டு இன்டர்நெட்டில் ஐபி எண் அடிக்கடி மாறும் என்பதால், மாறும்போதெல்லாம் அவர்களுக்குத் தெரிவிக்கும் சிறு புரோகிராம் ஒன்றையும் கூடவே இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கும். புதியவர்கள் ஹோஸ்ட்ஸ் ஃபைலோடு ஆரம்பியுங்கள்.

டிரைவரும் தன் கம்ப்யூட்டரில் இதைச் செய்யச் சொன்னார். அவர் வீட்டிலேயே ஒரு முறை செய்து பார்த்து வேலை செய்யவில்லை என்றார். போய்ப் பார்த்தால் நோட்பேடில் சேவ் அஸ் கொடுத்திருந்தார். பெயருக்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக் கொண்டு புது ஃபைலாகச் சேவ் ஆகியிருந்தது. அப்படி ஆனால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. சேவ் அஸ் வேண்டாம், சேவ் மட்டும் கொடுங்கள்.